பதினொரு மணிச் சரிவு

மேல்கொம்பையில் ஏஜென்சிக்காரர்களிடம் ஒப்படைத்த வீடுகளெல்லாம் காலை பதினொரு மணிக்குச் சரியும். நிலநடுக்கம் கிடையாது, மலைச்சரிவு கிடையாது, அஸ்திவாரத்தில் ஒரு கீறல் கிடையாது. ரசத்தில் தெளிவை மட்டும் இறுத்து ஊற்ற ஒரு கை பாத்திரத்தை மெல்லச் சாய்ப்பதுபோல, தரை பின்கட்டுப் பக்கம் உயர்ந்து வாசல் பக்கம் தாழும், உள்ளே இருக்கிற ஆளும் ஆளுடைய துணிமணியும் அடுப்பில் கொதிக்கிற குழம்பும் வழுக்கிக்கொண்டு நிலையைத் தாண்டி வீதிக்கு வந்து நிற்கும், கட்டிலும் சோபாவும் டிவியும் விருந்தாளிக்கு வேண்டியவை என்பதால் அசையாமல் அங்கேயே இருக்கும், கடைசிக் கரண்டியும் வந்து சேர்ந்த பிறகு தரை பழைய மட்டத்துக்குப் போய்க் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். மறுபடி திறப்பது இரண்டு மணிக்கு. அன்றைக்கு வாடகைக்கு ஆள் வந்திருந்தால் அவர்களுக்குத் திறக்கும். வராவிட்டால், போனால் போகிறது என்று, வீட்டுக்காரர்களுக்கு.

முதலில் சரிந்தது ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் தனிஸ்லாஸ் மாமாவின் வீடு. சீசனுக்கு மலையேறி வருகிறவர்களுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விடலாம், ஆள் பிடிப்பதிலிருந்து பெட்ஷீட் மாற்றுவதுவரை எல்லாம் எங்கள் பொறுப்பு என்று கீழேயிருந்து ஒருவன் வந்து பேசி, வாசல் நிலையில் மஞ்சள் போர்டு ஏறிய மறுநாள், மாமா ஒரு கன்னம் வழித்து மறு கன்னம் நுரையோடு, கையில் கிண்ணத்தோடு, வழுக்கி வந்து நடுத்தெருவில் உட்கார்ந்தார். ஊர் கூடியது. கூடிய ஊரில் ஒரே ஒரு வாயாவது, என்னய்யா இது, வீடு மனுசனைத் துப்புகிறதே என்று கேட்டிருக்க வேண்டாமா? எதிர்வீட்டு பாக்கியம் சித்தி உள்ளே ஓடிப்போய் ஒரு கைக்கண்ணாடியை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மிச்சத்தையும் வழிச்சிருங்க மாமா, காஞ்சிறப் போகுது" என்றாள். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலேயே ஊர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

பிறகு ஒவ்வொரு வீடாகப் போர்டு ஏறியது, ஒவ்வொரு வீடாகச் சரிந்தது, சரியச் சரிய ஊர் தன்னை வளைத்துக்கொண்டது. பதினொன்றுக்குச் சற்று முன்னால் கோயில் மணி அடிக்க ஏற்பாடானது, அடுப்பை அணைத்துவிட்டால் வழுக்கும்போது சுடாதல்லவா. தையல் மிஷின்கள் தெருவுக்கு வந்தன, நாற்காலி போட்டு முடிவெட்டினார்கள், ரேஷன் கடை அந்த மூன்று மணி நேரத்தில் மட்டும் திறந்தது, பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த நேரமாகப் பார்த்து வந்தார்கள், ஏனென்றால் நடுத்தெருவில் நிற்கிற குடும்பத்தால் எதையும் ஒளித்துவைக்க முடியாது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்கு வாசலுக்கு வெளியே பழைய மெத்தைகளை அடுக்கிவைத்தார்கள். சலேத்து அண்ணன் செத்துப்போன அன்று பிணமும் பதினொன்றுக்கு வழுக்கி வந்தது, பாடை தூக்குகிறவர்கள் உள்ளே போக வேண்டிய சிரமம் மிச்சம் என்று அழுதுகொண்டிருந்தவர்களே சொன்னார்கள். ஒருத்திக்குத் தெருவில், குடைக்குக் கீழே, பிரசவம் ஆனது. அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவோ, லாட்ஜில் ரூமைக் காலி பண்ணுகிற நேரத்துக்குச் சொல்கிற பேரை வைத்து, ஊர் கூப்பிடுவது செக்கவுட் என்றுதான். சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சரிஞ்சாச்சா என்று கேட்க ஆரம்பித்தார்கள், அதில் ஒரு பெருமைகூட வந்து ஒட்டிக்கொண்டது, சரியாத வீட்டுக்காரர்களைப் பார்த்து, பாவம், யாரும் கேட்டு வரலை போல, என்று உச்சுக்கொட்டினார்கள்.

எந்த ஏஜென்சி நல்லது என்ற பேச்சுக்கு மட்டும் குறைவே இல்லை. கம்பெனிகளின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் போர்டின் நிறம்தான் பெயர். மஞ்சளுடைய சரிவு நிதானமானது, எழுந்து நடந்தே வந்துவிடலாம். நீலத்திடம் கெஞ்சினால் அரைமணி நேரம் தள்ளிப்போடுவான். சிவப்பு செங்குத்து, எதிர்வீட்டுச் சுவரில் போய்த்தான் நிற்க வேண்டும், ஆனால் வீடு ஒருநாளும் காலியாக இருக்காது. சரிவது எதற்கு என்று கேட்காத வாய்கள், எவனுடைய சரிவு சுகம் என்று மணிக்கணக்கில் பேசின. என் கோபம் வீடுகள்மேல் இல்லை. இந்த வாய்கள்மேல்.

இதில் ஒரு முறை இருந்தது. எங்கள் ஊரில் வாசல் நிலையில் ஆணி அடிக்கிற உரிமை அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குத்தான். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடுவதானாலும் கல்யாணத் தோரணம் கட்டுவதானாலும், கட்டிக்கொடுத்த பெண் வந்து முதல் ஆணியை அடிக்க வேண்டும். அடிக்கும்போது அவள் கையை யாரும் பிடிக்கக் கூடாது. அடித்ததை அவளே வந்துதான் கழற்ற வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் தங்கள் ஆளை வைத்து அடித்துப் பார்த்தார்கள், போர்டு நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருந்தது. அதனால் அண்ணன் தம்பிகள் புதுச் சேலையோடும் அல்வாவோடும் கார் வைத்துக்கொண்டு போய், வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத சகோதரிகளைக் கூட்டிவந்தார்கள். அவர்களும் பூரித்துப்போய் வந்து, சுத்தியலை வாங்கி, தாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து தங்களையே வெளியே தள்ளுகிற போர்டைத் தங்கள் கையாலேயே அடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தெருவில் கடைசியாகச் சரியாமல் நின்றது எங்கள் வீடு. அதில் மதலேன் அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை, கட்டிக்கொடுத்த இடத்தில் அடி பொறுக்காமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள், தாத்தா காலத்துக்குப் பிறகு அந்த வீட்டையும் பின்னாலிருக்கும் பிளம்ஸ் தோட்டத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறவள். அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் உரக்கடை, சொந்த வீடு, அதில் அவரும் அம்மாவும். மதுரையில் எம்.ஏ. படிக்கிற நான் லீவுக்கு வந்திருந்த சமயத்தில்தான் அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மலை மேல இருக்கிற வீட்டை ஏஜென்சிக்கு விட்டுறலாம்னு இருக்கேன்."

"அப்ப அத்தை?"

"தோட்டத்துல ஷெட் இருக்குல்ல. ஒரு பல்பு போட்டுக் குடுத்துருவோம். வர்றவங்களுக்கு டீ, வெந்நீர் பாத்துக்கிட்டு அவபாட்டுக்கு இருக்கட்டும். அவளுக்கும் பொழுது போகும்."

பொழுது போகுமாம். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஆரம்பித்தேன். அம்மா மோர் ஊற்றவா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால் அம்மா மோர் ஊற்றுவாள்.

ஏஜென்சி தேர்ந்தெடுக்கிற நாளன்று அப்பாவோடு நானும் மலையேறினேன். தெருவே வெளியே இருந்த நேரம். எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மூன்று நிறத்துக்கும் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், சுற்றிலும் ஊர், குக்கர் விசில், கத்தரிக்கோல் சத்தம். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் போர்டுக்காரன் சின்னப் பையன், டை கட்டியிருந்தான். "எங்க சரிவு ரொம்ப சாஃப்ட் சார். மடியில குழந்தை தூங்கிட்டிருந்தா முழிக்காது. கஸ்டமர்ஸே சொல்றாங்க."

"யாரு, அந்தக் குழந்தையா சொல்லுச்சு?" என்றேன்.

"ஜோவி, வாயை மூடு. பெரியவங்க பேசிட்டு இருக்கோம்," என்றார் அப்பா.

"எனக்கு ஓட்டு இருக்குப்பா."

"தேர்தல்ல போடு."

தெருவே சிரித்தது. நான் ஊர்ப்பக்கம் திரும்பினேன். "சிரிங்க. உங்க சொந்த வீடு உங்களைத் தினமும் தெருவுல கொட்டுது, யாராவது ஒருத்தர் ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டா நிக்கவா போகுது?" என்றார் தனிஸ்லாஸ் மாமா, தாடையைச் சொறிந்துகொண்டு.

"படிக்கிற எடத்துல மணியடிச்சா உள்ள போறே, மணியடிச்சா வெளிய வர்றே," என்றாள் பாக்கியம் சித்தி. "அங்க ஏன்னு கேட்டியா?"

"அது என் வீடு இல்லையே சித்தி."

"இது மட்டும் உன் வீடாத்தா? உங்கப்பன் வீடு. நாளைக்கு உன்னையும் கட்டிக்குடுத்தா, நீயும் ஆணியடிக்க வர்றவதான்." அதற்கும் ஒரு சிரிப்பு. "சும்மா சண்டைக்கு நிக்காம சொல்லு, உனக்கு எது பிடிச்சிருக்கு, மஞ்சளா நீலமா?"

அப்போதுதான் அத்தை பீன்ஸ் தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணே, நான்தானே அடிக்கணும்? அப்ப எதுன்னு நானே பாத்துச் சொல்றேன்."

அப்பா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. இத்தனை நாளும் அவர் பயந்துகொண்டிருந்தது இந்த ஒன்றுக்குத்தான். அவள் மாட்டேன் என்றால் போர்டு நிற்காது. "நீயே சொல்லு தாயி. உன் இஷ்டம். நீ எதைச் சொல்றியோ அது," என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

அத்தை மஞ்சளைப் பார்க்கவில்லை, நீலத்தைப் பார்க்கவில்லை. சிவப்புப் போர்டோடு உட்கார்ந்திருந்த தடித்த ஆளிடம் நேரே போனாள். அவர் பெயர் குமரகுரு, வெற்றிலை போட்ட வாய். "உங்க சரிவு எப்பிடிங்க?"

"பொய் சொல்ல மாட்டேம்மா. செங்குத்துதான்."

"பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாதுல்ல?"

"யானையே நிக்காது."

"வர்றவங்க வீட்டு அட்ரஸ் பாத்து வருவாங்களா, போர்டைப் பாத்தா?"

"போர்டுதாம்மா எல்லாம். போர்டு எங்க தொங்குதோ அங்க வந்து வண்டி நிக்கும். அதெல்லாம் தானா நடக்கும்."

"மாட்டுன அன்னைக்கே ஆள் வருமா?"

"அன்னைக்கு ரெண்டு மணிக்கே வரும். எங்கிட்ட அவ்வளவு பேர் காத்துக் கிடக்காங்க."

"சரி. இதுவே இருக்கட்டும்."

ஊர் வாயைப் பிளந்தது. ஒண்டிக்கட்டைப் பொம்பளை, நாற்பத்தைந்தைத் தாண்டியவள், செங்குத்தைப் போய் எடுக்கிறாளே என்றார்கள். "இடுப்பு ஒடிஞ்சா யாருடி பாத்துக்குவா?" என்றாள் சித்தி. அத்தை போர்டையும் ஆணியையும் வாங்கி ஒரு பழைய சேலையில் சுற்றினாள். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தால் கை நடுங்கும், நல்ல நாள் பார்த்து நானே அடித்துக்கொள்கிறேன் என்றாள். அப்பாவுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. அடிக்கிறதைக் கண்ணால் பார்க்க வேண்டாம் அல்லவா.

எனக்கு வந்த கோபத்தில் அத்தையைப் பின்தொடர்ந்து அடுக்களைக்கே போய்விட்டேன். "அத்த, சட்டப்படி இதுல பாதி உங்களுது. தாத்தா எதுவும் எழுதி வைக்கல. ஒரு நோட்டீஸ் அனுப்புனா அப்பா வாயைத் திறக்க முடியாது. நான் வக்கீல்கிட்டப் பேசிட்டேன்."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா போர்டை வாங்குனீங்க? அதுவும் செங்குத்தை?"

அத்தை பீன்ஸை அலசினாள். "கேஸ் போடுறேன், ஜெயிக்கிறேன், பாதி வருது. அப்புறம் உங்கப்பன் எனக்கு யாரு? நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடின்னு ஒரு சேலை வரணும். அதை யாரு கொண்டாருவா, உன் வக்கீலா?"

"செத்தப்புறம் போர்த்துற துணிக்காக, உசுரோட இருக்கிற வீட்டை விட்டுறுவீங்களா?"

"விடுறேன்னு எவ சொன்னா?"

"பின்ன என்ன பண்றீங்க?"

"ஏஜென்சி பாத்துருக்கேன்," என்றாள். "உங்கப்பன் சொன்னதைத்தான் பண்றேன். இந்தா, தேங்காயைத் திருகு."

தேங்காயைத் திருகிக்கொண்டே நான் இன்னும் எவ்வளவோ சொன்னேன். அடிமைத்தனம் என்றேன், கோழைத்தனம் என்றேன், உங்களை மாதிரிப் பெண்களால்தான் எங்களுக்கும் விடியவில்லை என்றேன். அவள் உப்புப் பார்த்தாள். சாயங்கால பஸ்ஸில் அப்பாவோடு இறங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அப்பா கைலி மாற்றிக்கொண்டு பேப்பரை விரித்திருந்தார், அம்மா கறி வதக்கிக்கொண்டிருந்தாள், வாசலில் அத்தை வந்து நின்றாள். ஒரு பை நிறைய பிளம்ஸ், தலையில் பூ, கக்கத்தில் சேலைச் சுருட்டு. அப்பா எழுந்தே விட்டார். "வா தாயி, வா. என்ன, மாட்டியாச்சா?"

"மாட்டத்தாண்ணே வந்தேன்."

சுருட்டைப் பிரித்துச் சிவப்புப் போர்டை எடுத்தாள், எங்கள் வீட்டு வாசல் நிலையில் சாய்த்துவைத்துப் பார்த்தாள், மட்டமாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்தாள், இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்தாள். அப்பா முதலில் சிரித்தார். முதல் அடி விழுந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"ஏய். ஏய், என்ன பண்றே? அது மேல் வீட்டுக்கு."

"நம்ம வீட்டுப் பொண்ணு நம்ம வீட்டு நிலையில அடிக்கிறேன். என்ன தப்பு?"

"இது என் வீடு!"

அத்தை ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினாள். "அப்பா அம்மாவுக்கு அப்புறம் ஒரு பொண்ணுக்குப் பொறந்த வீடு எதுண்ணே? அண்ணன் இருக்கிற வீடுதானே? இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினது யாரு? விளக்கைக் கையில வச்சுக்கிட்டு முதல்ல உள்ள வந்தது யாரு? இது எனக்குப் பொறந்த வீடு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே கழட்டிக்கிட்டுப் போயிறேன்."

அப்பா வாயைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலைதலையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கையைப் பார்த்து, எல்லார் முன்னாலும், இது உனக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? வீட்டை எடுத்துக்கொள்ளலாம், ஷெட்டில் தள்ளலாம், டீ போடச் சொல்லலாம், அதற்கெல்லாம் இந்த உலகத்தில் கூச்சம் கிடையாது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல முடியாது. அவர் எட்டிக் கையைப் பிடிக்கப் போனார், பிடிக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினார், நின்ற கை அப்படியே அந்தரத்தில் இருந்தது. அத்தைக்காக நான் புரட்டிய எந்தச் சட்டப் புத்தகமும் அவரை அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

கடைசி ஆணியை அடித்துவிட்டு, அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். "மதினி, அடுப்பை அணைச்சிருங்க," என்று மட்டும் உள்ளே பார்த்துச் சொன்னாள்.

பதினொன்று ஆனது. குமரகுரு பொய் சொல்லவில்லை, செங்குத்துதான். வீடு ஒரே தூக்காகத் தூக்கிக் கவிழ்த்தது, பேப்பரோடு அப்பா, கறிச்சட்டியோடு அம்மா, என் புத்தகங்கள், என் துணி, அப்பாவின் சர்க்கரை மாத்திரை, மாட்டியிருந்த குடும்பப் போட்டோ, ஊறுகாய் ஜாடி, எல்லாம் குவியலாகத் தெருவுக்கு வந்து எதிர்ச் சுவரில் மோதி நின்றோம். தரை மட்டமானது. கதவு சாத்திக்கொண்டது. மலையில் பனி இருக்கும், மரம் இருக்கும். திண்டுக்கல்லில் நாங்கள் இருக்கிற நாகல் நகரில் என்ன இருக்கிறது, தாரும் வெயிலும்தான். அப்பா கைலியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"எப்பத் திறக்கும்?"

"ரெண்டு மணிக்கு," என்றேன். "ஆனா இன்னைக்கு ஆள் வருதாம்."

"கழட்டச் சொல்லுடி அவளை."

"நீங்களே சொல்லுங்க. அடிச்ச கைதான் கழட்டணும்."

சொல்ல அவர் திரும்பியபோது அத்தை ஆட்டோவை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள். ஏறப் போனவள் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். "மதினி, மேல பிளம்ஸ் பழுத்துக் கொட்டுது. ஒத்தையில முடியல. வர்றீங்களா?"

அம்மா தெருவில் கிடந்ததையெல்லாம் ஒருமுறை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கழுவிக் கவிழ்த்துக் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், வெயிலில் மின்னிக்கொண்டு. அவள் குனிந்து எதையோ எடுத்தாள். பொறுக்க ஆரம்பிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தது ஒரு ஜோடிச் செருப்பை. போட்டுக்கொண்டு நடந்து போய் ஆட்டோவில் ஏறினாள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானே ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

ஆட்டோவிலிருந்து மாறி ஏறிய பஸ் மலைப்பாதையில் திரும்பித் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது, ஜன்னலில் குளிர் வந்துவிட்டது, அத்தை வாந்தி வராமலிருக்க எல்லாருக்கும் எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தாள், அப்போது அம்மா இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அப்பாவின் குரல் எங்களுக்கெல்லாம் கேட்டது.

"ஜெயா, யாரோ குடும்பத்தோட வேன்ல வந்து எறங்கியிருக்காங்க. மலை எங்கன்னு கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? கதவு அதுபாட்டுக்குத் திறந்துக்கிச்சு, உள்ள போயி உக்காந்துட்டாங்க. டீ கேக்குறாங்க."

அம்மா ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். ஊர் தூரத்தில் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"போட்டுக் குடுங்க," என்றாள்.